மெஷின் பார்க்காத நடனம்

ஒசாகாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த கேம் சென்டருக்குப் போய்விடுவேன். முதலில் ஆடுவதற்காக இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். கீழ்த்தளம் முழுக்கப் பொம்மை தூக்கும் மெஷின்கள். மாடியேறினால் ஒரு மூலையில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன். இரண்டு பேர் அக்கம்பக்கமாக நின்று ஆடுகிற இரும்பு மேடை, எதிரே திரை, முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

ஒருநாள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆபீஸ்காரர். டையைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, இரண்டு கையாலும் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துச் சாய்ந்துகொண்டார். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. கால் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கியது. இன்னொருவன் காலேஜ் பையன். பாட்டு தொடங்கியதுமே திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டான். அம்புகள் அத்தனையும் மனப்பாடம். நடுவில் ஒருமுறை குனிந்து ஒரு கட்டத்தைக் கையால் தட்டினான், இன்னொரு முறை முழங்காலால். பாட்டு முடிந்து மார்க் வந்தது. ஆபீஸ்காரருக்குக் கிட்டத்தட்ட முழுசாக. பையனுக்குச் சுமார். ஆனால் சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது பையனைத்தான்.

இதில் ஆடியது யார்?

பல வருஷம் என்னிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஆபீஸ்காரர் என்று சொல்லியிருப்பேன். கேம் என்றால் ஸ்கோர்தானே, மத்ததெல்லாம் சீன் போடுறது. இந்தக் கட்டுரை நான் அந்தப் பதிலிலிருந்து எப்படி நகர்ந்தேன் என்பதைப் பற்றியது. கூடவே, ஓர் அலமாரி நிறைய கன்சோல்களைச் சேர்த்துவிட்டு, எதைச் சேர்த்தோம் என்று தெரியாமல் நிற்கிற ஒருவனின் கணக்கும்.

*

டிடிஆர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கொனாமி நிறுவனம் 1998-இல் இதை ஜப்பானின் கேம் சென்டர்களுக்குக் கொண்டுவந்தது. தாளத்துக்குப் பட்டன் அழுத்துவதை வைத்தே ஒரு முழு விளையாட்டை நடத்தலாம் என்று 1996-இல் பிளேஸ்டேஷனில் வந்த ‘பரப்பா தி ராப்பர்’ காட்டியிருந்தது. 1997 கடைசியில் கொனாமியே ‘பீட்மேனியா’ என்ற டிஜே விளையாட்டை வெளியிட்டிருந்தது. டிடிஆர் செய்த புதுமை எளிமையானது: பட்டனைக் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டது.

தரையில் நான்கு கட்டங்கள். முன், பின், இடது, வலது. திரையில் கீழேயிருந்து அம்புகள் மேலே ஏறி வரும். உச்சியில் நிற்கிற அம்பு வடிவத்தோடு அவை பொருந்துகிற கணத்தில் அந்தக் கட்டத்தை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் உடனே தீர்ப்பு: பர்ஃபெக்ட், கிரேட், குட், பூ, மிஸ். அவ்வளவுதான். கை எங்கே போனது, இடுப்பு வளைந்ததா, முகத்தில் சிரிப்பு இருந்ததா, மெஷினுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் மிதித்தீர்களா, பையைத் தூக்கிப் போட்டீர்களா என்பதுகூடத் தெரியாது. நான்கு இடத்தில் அழுத்தம், அது விழுந்த நேரம். அதன் உலகம் அத்தோடு முடிந்தது.

பரதநாட்டிய வகுப்பு வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது பாதி பழக்கமான காட்சி. நட்டுவனார் தட்டுக்கழியால் மனையில் தட்டுவார், பிள்ளைகளின் பாதம் அதோடு சேர்ந்து விழ வேண்டும். ஆனால் அவருக்குக் கண்ணும் உண்டு. அரைமண்டி கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், தாளம் சரியாகவே இருந்தாலும் திட்டு விழும். டிடிஆரிடம் கழி உண்டு, கண் கிடையாது.

கண் இல்லாத இந்த மெஷின் வந்த ஊரையும் பார்க்க வேண்டும். 1948-இல் போட்ட ஒரு சட்டப்படி, வாடிக்கையாளர்களை ஆடவிடுகிற கடைக்கு ஜப்பானில் லைசென்ஸ் வேண்டியிருந்தது. லைசென்ஸ் இருந்தாலும் நள்ளிரவையொட்டி ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியிருந்தது. பல வருஷம் போலீஸ் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2010-ஐ ஒட்டி ஒசாகாவிலேயே கிளப்களில் ரெய்டு நடந்தது. ‘ஆடாதீர்கள்’ என்று சுவரில் போர்டு மாட்டிய கிளப்கள் இருந்தன. பாட்டு அலறும், ஆடக் கூடாது! சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2016 ஜூனில். கேம் சென்டரும் 1985 முதல் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது, ஆனால் வேறு பிரிவில். அங்கே நடப்பது விளையாட்டு. ஆக, ஒரு பையன் நடன மேடை என்று பெயர் வைத்த மேடையில், நாலு பேர் முன்னால், வியர்க்க வியர்க்க ஆடலாம். சட்டம் அதை நடனமாகப் பார்க்காது. மெஷினும் பார்க்காது. இந்த இரட்டைக் குருட்டுத்தனத்துக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் அந்தக் காலேஜ் பையன் ஆடிக்கொண்டிருந்தான்.

இதைச் சட்டத்துக்கு எதிரான கலகம் என்று ஊதிப் பெருக்க நான் தயாரில்லை. பெயரில் ரெவல்யூஷன் இருப்பதெல்லாம் வியாபாரம். ஆனால் ஒரு விளையாட்டின் குறை என்று நாம் நினைப்பது, ஆடுகிறவருக்கு ஒதுங்க ஓர் இடமாக மாறலாம் என்பதை இங்கேதான் முதலில் பார்த்தேன்.

*

கம்பிக்கு வருவோம். ஆரம்பத்திலிருந்தே டிடிஆர் ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் துல்லியம்தான் எல்லாம். கம்பியைப் பிடித்தால் உடம்பு எடை குறையும், கால் வேகமாகப் போகும், ஸ்கோர் ஏறும். இன்னொரு கட்சி ஃப்ரீஸ்டைல். அம்புகளைப் பாட்டின் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு அதன் மேல் சொந்தமாக அசைவுகளைக் கட்டுவார்கள். போட்டிகளிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்ததுண்டு. ஒன்றில் மெஷின் நடுவர், இன்னொன்றில் மனிதர்கள்.

காலம் போகப் போக முதல் கட்சியின் பக்கம்தான் விளையாட்டே சாய்ந்தது. 2001-இல் வந்த டிடிஆர் மேக்ஸில் ‘மேக்ஸ் 300’ என்றொரு பாட்டு. பெயரிலேயே இருக்கிறது வேகம்: நிமிஷத்துக்கு 300 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு அம்பு வருகிற இடங்களில் விநாடிக்குப் பத்து மிதி. அங்கே கையை வீசி ஆட இடமில்லை. மூச்சு விடவே இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கணுக்காலால் தப்பிக்க வேண்டியதுதான். எளிய பாட்டுகளில் அம்புகளுக்கு நடுவே காலி இடம் இருந்தது. அதில் ஆடுகிறவர் தன் கையெழுத்தைப் போட முடிந்தது. கடினம் ஏற ஏற அந்தக் காலி இடத்தை அம்புகளே அடைத்துவிட்டன.

விமர்சனமாகச் சொன்னால் டிடிஆரின் சரிவு இதுதான். தன்னை நன்றாக ஆடத் தெரிந்தவர்களின் பேச்சை மட்டும் கேட்ட விளையாட்டு அது. தென்கொரியாவின் ஆண்டமிரோ 1999-இல் கொண்டுவந்த ‘பம்ப் இட் அப்’ இந்த விஷயத்தில் ஒரு படி புத்திசாலித்தனமான வடிவம் என்பேன். அதில் நான்கு மூலை, ஒரு நடு என ஐந்து கட்டங்கள். மூலைகளுக்குப் போக உடம்பைத் திருப்பியே ஆக வேண்டும். டிடிஆரின் சிலுவை வடிவத்தில் நேராக நின்றபடி குதித்துச் சமாளிக்கலாம். இதில் இடுப்பும் சேர்ந்து வந்தாக வேண்டும். மெஷின் இடுப்பைப் பார்ப்பதில்லைதான், ஆனால் கட்டங்களை அடுக்கியிருக்கும் முறை அதைக் கேட்டுவாங்கிவிடுகிறது.

*

1999 ஏப்ரலில் டிடிஆர் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கூடவே சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் பாய் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் இரண்டு விஷயம் காணாமல் போயின: கம்பியும் கூட்டமும்.

நான் ஊர் திரும்பும்போது சூட்கேஸில் இரண்டு பிளேஸ்டேஷனும் மூன்று பாயும் இருந்தன. ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு சினிமா டிக்கெட் காசுக்கு டிடிஆர் டிஸ்க் கிடைக்கும். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஒரே விளையாட்டை எத்தனை கன்சோலில் போட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ட்ரீம்காஸ்டில் உண்டு. நிண்டெண்டோ 64-இல் மிக்கி மவுஸோடு ஒன்று உண்டு. எக்ஸ்பாக்ஸில் 2003-இல் ‘அல்ட்ராமிக்ஸ்’, கேம்க்யூபில் 2005-இல் மாரியோவோடு ஒன்று. கேம்பாய் கலரில் விரலால் ஆடுகிற டிடிஆரும் உண்டு. நடன விளையாட்டை ஏன் விரலால் ஆட வேண்டும் என்று கேட்கிறவர் சேகரிப்பாளர் இல்லை. சேகரிப்பாளர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பெட்டியோடு கிடைக்குமா?

கன்சோல் சேர்ப்பதில் ஓர் உண்மையான நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என் இனத்துக்குத் துரோகம். தாள விளையாட்டுகளைப் புது டிவியில் ஆடிப் பாருங்கள். படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் சில பத்து மில்லி விநாடிகள் போதும், நீங்கள் சரியாக மிதித்தாலும் தப்பென்று வரும். பழைய டப்பா டிவியில் அந்தத் தாமதம் இல்லை. 1999-இல் எழுதப்பட்ட அம்புகள் 1999-இன் டிவியை நம்பி எழுதப்பட்டவை. அதனால் டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. கன்சோல் வேண்டும், பாய் வேண்டும், டப்பா டிவி வேண்டும். ஜப்பான் பிளேஸ்டேஷன் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் ஊர் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான். ஆகவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். ஒரு மூன்று நிமிஷப் பாட்டை அதன் சரியான தாளத்தில் காப்பாற்ற ஓர் அறையே தேவைப்படுகிறது.

சென்னையில் இரண்டாவது மாடி வீடு. பாயை விரித்து நான் ஆடிய முதல் ராத்திரியே கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். “என்னப்பா, மாவு இடிக்கறியா?” என்றார். அதற்கப்புறம் பாய்க்கு அடியில் கம்பளி, கம்பளிக்கு அடியில் மெத்தை. மெத்தை மேல் மிதித்தால் அம்பு சரியாகப் பதியாது. ஸ்கோர் போனது. ஸ்கோர் போனதும் ஆர்வமும் போனது. விளையாட்டு அலமாரிக்குப் போய், சேகரிப்பு ஆனது. எத்தனை பேருடைய சேகரிப்பு இப்படித் தொடங்கியதோ!

*

2009 நவம்பரில் யுபிசாஃப்ட் ‘ஜஸ்ட் டான்ஸ்’ விளையாட்டை நிண்டெண்டோ வீ கன்சோலுக்கு வெளியிட்டது. முயல்கள் கூத்தடிக்கும் இன்னொரு விளையாட்டுக்குள் இருந்த ஒரு சிறு பகுதியிலிருந்து பிறந்தது. அம்பு கிடையாது, பாய் கிடையாது. திரையில் பளீர் நிறத்தில் ஓர் உருவம் ஆடும், முகம் சரியாகத் தெரியாது. ஒரு கையில் மட்டும் வேறு நிறத்தில் கையுறை. உங்கள் வலது கையில் ரிமோட். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அந்த உருவத்தைப் பார்த்து ஆட வேண்டும். மெஷினுக்குத் தெரிவது அந்த ரிமோட்டின் அசைவு மட்டுமே. கால் இல்லை, இடுப்பு இல்லை, இடது கை இல்லை.

விமர்சகர்கள் அடித்துத் துவைத்தார்கள். நானும்தான். ‘இதெல்லாம் கேமே இல்லை’ என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். மார்க் போடவே தெரியாத விளையாட்டு என்பது என் வாதம். சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடலாம். விற்பனை மட்டும் வேறு கதை சொன்னது. வீ 2006-இல் வந்த கன்சோல். மற்ற கம்பெனிகள் எல்லாம் கைவிட்ட பிறகும் ஜஸ்ட் டான்ஸ் அதில் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. வீ கன்சோலுக்குக் கடைசியாக வந்த பெரிய விளையாட்டே 2019 நவம்பரில் வந்த ‘ஜஸ்ட் டான்ஸ் 2020’தான். புது மெஷின் வாங்காத வீடுகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் அதை விடவே இல்லை.

என் வீவை அக்கா வீட்டில்தான் வைத்திருந்தேன், இடம் இல்லாததால். அக்கா பேங்கில் வேலை. மாமா வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவளும் பாப்பாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் என் புராணத்தை ஆரம்பித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சோபாவில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டை மணிக்கட்டாலேயே ஆட்டி நல்ல மார்க் வாங்கிக் காட்டினாள். “இதைத்தானேடா சொல்ற? இது எனக்கு எப்பவோ தெரியும்.” அப்புறம் எழுந்து, அதே பாட்டைப் போட்டு, முழு உடம்போடு ஆடினாள்.

“உட்கார்ந்தே வாங்கலாம்ல. அப்புறம் எதுக்கு எழுந்து ஆடற?”

“உட்கார்ந்தா மார்க்குதான்டா வரும்.”

என் கட்சி உடைந்த இடம் அதுதான். அக்கா கல்யாண வீடுகளில்கூட ஆட மாட்டாள். யாரோ பார்ப்பார்கள், யாரோ வீடியோ எடுப்பார்கள், அது ஏதோ ஒரு குடும்ப குரூப்பில் சுற்றும். அவளை எழுந்து ஆடவைக்க இத்தனை வருஷத்தில் ஒருவராலும் முடியவில்லை. இந்த மட்டமான மெஷினால் முடிந்தது, ஏனென்றால் அது அவளைப் பார்ப்பதே இல்லை. வலது கையை வாடகைக்கு வாங்கிக்கொண்டு, மீதி உடம்பை அவளிடமே விட்டுவிடுகிறது. நான் குறை என்று சொன்ன அதே விஷயம். ஒசாகா பையனுக்கு டிடிஆர் கொடுத்ததும் இதைத்தான். அவன் கூட்டத்துக்கு நடுவில் எடுத்துக்கொண்டான், இவள் பூட்டிய கதவுக்குள் எடுத்துக்கொண்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

*

எல்லாவற்றையும் பார்க்கிற மெஷினும் வந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் கேமரா, கூடவே ஹார்மோனிக்ஸ் தயாரித்த ‘டான்ஸ் சென்ட்ரல்’. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். டிவிக்கு ஆறடி தள்ளி நின்றால் போதும். உங்கள் மூட்டுகளை அது கணக்கெடுத்துக்கொள்ளும். அசைவு தப்பினால் திரையில் ஆடுகிறவரின் அந்தக் கையோ காலோ சிவப்பாக எரியும்.

கட்டுமானத்தில் மூன்றிலும் சிறந்தது இதுதான், சந்தேகமே இல்லை. உண்மையான நடன இயக்குநர்கள் அமைத்த அசைவுகள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பெயர், ஒரு சீட்டு. புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற பகுதி. டிடிஆரில் ஆயிரம் மணி நேரம் போட்டாலும் வெளியே ஒரு கல்யாணத்தில் ஆட வராது. டான்ஸ் சென்ட்ரலில் ஒரு மாசம் போட்டால் வரும். நட்டுவனாருக்கு இருந்த கண் கடைசியில் மெஷினுக்கும் வந்துவிட்டது. ஜஸ்ட் டான்ஸ், டான்ஸ் சென்ட்ரல் இரண்டையும் ஆராய்ந்து கிரி மில்லர் 2017-இல் எழுதிய ‘பிளேயபிள் பாடீஸ்’ புத்தகம் இவற்றை நெருக்கமான ஊடகம் என்று அழைக்கிறது. சரியான சொல். ஆனால் நெருக்கம் என்பது இரண்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

டான்ஸ் சென்ட்ரலின் முதல் பாகத்தில் பாட்டுக்கு நடுவே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று ஒரு பகுதி வரும். அசைவுச் சீட்டுகள் மறைந்துவிடும். இப்போது உன் இஷ்டத்துக்கு ஆடு என்று மெஷின் சொல்லும். திரையில் உங்கள் உருவமே வண்ண நிழலாகத் தெரியும். பிறகு அதை வேகமாக ஓட்டியும் காட்டும். அதுவரை அழகாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் அங்கே வந்ததும் கட்டை மாதிரி நிற்பார்கள். அக்காவும் நின்றாள். “ஐயோ, இதை ஆஃப் பண்ணேன்” என்று முகத்தை மூடிக்கொண்டாள். சுதந்திரம் கொடுத்த கையோடு கேமராவையும் நீட்டினால் வேறென்ன நடக்கும்?

2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது, கினெக்ட் எப்போதும் இணைந்தே இருக்க வேண்டும் என்றார்கள். ஹாலுக்குள் எந்நேரமும் விழித்திருக்கும் கண்ணா என்று ஆட்கள் கொதித்தார்கள். விற்பனைக்கு வருவதற்குள்ளேயே அந்த நிபந்தனை போனது. 2014-இல் கினெக்ட் இல்லாத கன்சோலே வந்தது. 2017-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். கினெக்ட் தோற்றதற்கு விலை, இடவசதி, நல்ல விளையாட்டுகள் இல்லாதது எனப் பல காரணம் உண்டு. ஆனால் பாயை விரித்தும் ரிமோட்டைப் பிடித்தும் சந்தோஷமாக ஆடிய அதே வீடுகள் கண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கின. அது வெறும் விலைப் பிரச்சினை இல்லை.

இங்கே என் வாதத்துக்கு ஒரு பலவீனம் இருப்பது எனக்குத் தெரியும். யாருமே பார்க்காத நடனம் வளருமா? நட்டுவனாரின் திட்டு இல்லாமல் அரைமண்டி வராது. உண்மைதான். ஆனால் நட்டுவனார் பார்ப்பது ஒருநாள் தான் பார்க்க வேண்டியிராத ஓர் உடம்பை உருவாக்க. கினெக்ட்டுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு பாட்டிலும் முதல் பாட்டைப் போலவே பார்த்துக்கொண்டிருக்கும். கலையைக் கற்றுக்கொள்ளக் கண் வேண்டும். கலைக்குள் முதல் காலை எடுத்துவைக்க, பல பேருக்கு, கண் இல்லாத ஓர் இடம் வேண்டும். டிடிஆரும் ஜஸ்ட் டான்ஸும் கலையாக மதிக்கப்பட வேண்டியது அந்த இடத்தை அமைத்துக் கொடுத்ததற்காக. அம்புகளை எழுதியவர்களே அதைத் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை.

*

சேகரிப்பாளன் காப்பாற்றுவது எதை? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

டிடிஆருக்கு முன்பே ஒரு பாய் இருந்தது. 1986-இல் பண்டாய் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ‘ஃபேமிலி டிரெய்னர்’. அதன் மேல் ஓடலாம், குதிக்கலாம், ஏரோபிக்ஸ் ஆடலாம். அமெரிக்காவில் அந்தப் பாய்க்காக வந்த ‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’ என்ற ஓட்டப்பந்தய விளையாட்டைச் சீக்கிரமே திரும்பப் பெற்று வேறு பெயரில் விற்றார்கள். அதனால் பழைய பெயரில் இருக்கும் பிரதி அபூர்வமாகிவிட்டது. 2010-இல் பிரிக்கப்படாத ஒரு பிரதி 41,300 டாலருக்கு ஏலம் போனது. ஓடுவதற்காகச் செய்த பொருள். அதன் மதிப்பு முழுக்க அதன் மேல் யாரும் ஓடவில்லை என்பதில் இருக்கிறது. இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு என் அலமாரியைப் பார்த்தேன்.

சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்க முடியாதவை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நடன விளையாட்டுகளுக்குக் கூடுதல் சிக்கல்: ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை வாங்கியிருக்கும், அந்த ஒப்பந்தம் முடிந்தால் மறுபதிப்பு கஷ்டம். வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019-இல் மூடப்பட்டது, எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024-இல். ‘ஜஸ்ட் டான்ஸ் 2023’ பெட்டியைத் திறந்தால் டிஸ்க்கே கிடையாது, டவுன்லோடு செய்ய ஒரு கோடு எழுதிய தாள்தான். இனி வருகிறவன் சேகரிக்க நினைத்தால் காலி டப்பாவைத்தான் சேகரிக்க வேண்டும். ஆகவே அலமாரிகளுக்கு நன்றி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நடனம் டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்கில் இருப்பவை அம்புகள். ஒசாகா பையன் அம்புகளுக்கு நடுவில் போட்ட கையெழுத்து, அக்காவின் இடது கை, இவற்றை எந்த மெஷினும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாததால்தான் அவை நடந்தன. நாணயம், தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் சேர்க்கும் பொருளிலேயே எல்லாம் இருக்கிறது. நான் சேர்த்ததோ பாதிப் பொருள். மீதிப் பாதி யாராவது அதன் மேல் ஏறி நிற்கும் வரை இல்லவே இல்லை. அதோடு, பாய் ஒயின் கிடையாது, வைக்க வைக்க உயர்வதற்கு. உள்ளே இருக்கும் பஞ்சு இறுகும், பசை விட்டுப்போகும், மடித்த இடத்தில் கம்பித்தடம் அறுந்துபோகும். பிரிக்காமல் வைத்தாலும் நடக்கும். மிதிக்கிறவன் ஒரு விதத்தில் கெடுக்கிறான், மிதிக்காதவன் இன்னொரு விதத்தில்.

போன மே மாச லீவில் பாப்பா என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பது வயசு. அலமாரியில் பிரிக்காமல் ஒரு பாய் இருந்தது. எந்தக் கம்பெனி என்றே தெரியாதது, நிப்பொன்பாஷியில் வாங்கியது, பிளாஸ்டிக் உறைகூட அப்படியே. “மாமா, இது எதுக்கு மூடியே வெச்சிருக்க?” என்றாள். என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஒன்பது வயசுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைச் சொருகி, டப்பா டிவியைத் தூசி தட்டிப் போட்டு, எளிய பாட்டாகப் பார்த்து வைத்தேன். கீழே மாமியிடம் போய் அரை மணி நேரம் அவகாசம் கேட்டுவிட்டும் வந்தேன். பாய் மடிப்பு விடவே இல்லை, நான்கு மூலையிலும் புத்தகம் வைக்க வேண்டியிருந்தது. பாட்டு தொடங்கியது. முன் அம்பு, பின் அம்பு, இடது எல்லாம் வேலை செய்தன. வலது செத்திருந்தது. அவள் எவ்வளவு சரியாக மிதித்தாலும் அந்த அம்பு வரும்போதெல்லாம் மிஸ், மிஸ், மிஸ் என்று வந்தது.

“அது கெட்டுப்போச்சு பாப்பா. வலது வந்தா விட்டுடு, மிதிக்காத” என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது அம்பு வந்தது. மிதித்தாள்.